மணமேடைப் பலகையும் கராஜ் கதவும்

ஜூன் பிறந்து புயல் சீசன் தொடங்கிவிட்டால் டெக்சஸ் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் கடைகளில் வரிசை கட்டி நிற்போம். தண்ணீர் பாட்டில், டார்ச் லைட், பேட்டரி, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல். சிலர் ஜன்னல்களுக்குப் பலகைகூட அளவெடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் வீட்டிலேயே பெரிய ஓட்டை எதுவென்று கேட்டால் முழிப்பார்கள். இரண்டு கார் சேர்ந்தாற்போல் நுழையும் அகலத்துக்குச் சுவரே இல்லாமல், ஒரு மெல்லிய தகரக் கதவை நம்பி நிற்கிறதே கராஜ், அதுதான். புயல் காற்று அந்தக் கதவை உள்ளே தள்ளிவிட்டதென்றால், புகுந்த காற்றுக்கு வெளியே போக வழி கிடையாது. கூரையைத்தான் தூக்கும். ஹூஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தக் கதவுகளோடு மல்லுக்கட்டியதுதான் என் உத்தியோகம். போன வருடம் ஓய்வு பெற்றேன்.

சீசன் தொடங்குவதற்கு முன் கம்பெனியில் நடக்கும் கூட்டத்துக்கு இந்த முறையும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது வரும் கதவுகளெல்லாம் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று தொழிற்சாலையிலேயே சோதித்து, உள்பக்கம் லேபிள் ஒட்டி வருகின்றன. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கை தூக்கி, "லேபிள் இல்லாத காலத்தில் எதை நம்பி ஒரு வீட்டை விட்டுக் கிளம்புவீர்கள்?" என்று கேட்டாள். அங்கே நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் கோயமுத்தூர்க்காரி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. பீளமேட்டில் நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். கல்யாணமாகி ஹூஸ்டன் வந்த பிறகு, விசா காரணமாகச் சில வருடங்கள் வேலை பார்க்க முடியவில்லை. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி, வேலை செய்ய அனுமதி வந்த சமயத்தில்தான் ஒரு நாள் காலை எங்கள் கராஜில் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கதவின் எடையைத் தாங்க மேலே இருந்த இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று இரண்டு துண்டாகக் கிடந்தது. கதவு அசையவில்லை, கார் உள்ளே மாட்டிக்கொண்டது. கராஜ் கதவு பழுதுபார்க்கும் ஒரு கம்பெனிக்குப் போன் பண்ணினேன். அதன் முதலாளி வால்டரே வந்தார்.

நெடுநெடுவென்று உயரம், தலையில் பழைய தொப்பி. வந்தவர் எதையும் தொடவில்லை. வேனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்துவந்து, கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெண் பார்க்க வந்தவர்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார். பிறகு எழுந்து, உடையாத ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கழற்ற ஆரம்பித்தார்.

"அது நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் நானே சொன்னேன். "ஓ, இரண்டும் ஒரே நாளில் வேலைக்கு வந்தவை. இதுவும் சீக்கிரம் போய்விடும்."

அவர் திரும்பிப் பார்த்தார். எங்கே வேலை பார்த்தாய் என்று கேட்டார். பட்டறையைப் பற்றிச் சொன்னேன். ஆபீசில் போன் எடுக்க ஆள் தேவைப்படுகிறது, வருகிறாயா என்றார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, "போன் எடுக்கிறேன். ஆனால் வேனில் ஏறுவதற்குத்தான் வருகிறேன்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. போன் எடுத்தேன், உதிரி பாகங்களை அடுக்கினேன், வேனில் ஏறினேன், விரலை நசுக்கிக்கொண்டேன், மறுபடி வேனில் ஏறினேன். வசந்தா என்ற பெயர் வால்டர் வாயில் 'வசி' ஆகி, கம்பெனி முழுக்க அதுவே நிலைத்தது. கோயிலில் என்னைப் பார்க்கிற தமிழ்க்காரர்கள், ஒரு கையில் பிரசாதத்தோடு, "அக்கா, எங்க கதவு மேல போறப்ப கீச்சு கீச்சுன்னு கத்துதுங்க" என்று நிறுத்திவைத்துக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

புயலுக்குக் கதவைத் தயார் பண்ணுவதில் வால்டருக்கு ஒரு முறை இருந்தது. அதில் ஒரு படியைத் தாண்டினாலும் வேலையை முதலிலிருந்து தொடங்கச் சொல்லுவார். முதலில் வாளியில் உட்கார்ந்து பார்ப்பது. அடுத்து, கதவை மூடி, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நிற்பது. எங்கெல்லாம் வெளிச்சம் கோடாகத் தெரிகிறதோ, அங்கெல்லாம் கதவுக்கும் சட்டத்துக்கும் ஒட்டுறவு இல்லை என்று அர்த்தம். காற்று முதலில் அங்கேதான் கை வைக்கும். மூன்றாவது, மோட்டாரின் பிடியை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, கையால் கதவை இடுப்பு உயரம் தூக்கி விடுவது. ஸ்பிரிங் சரியாக இருந்தால் கதவு அந்தரத்தில் அப்படியே நிற்கும். நிற்காத கதவில் மேற்கொண்டு இரும்பைச் சேர்க்க மாட்டார். அந்த ஸ்பிரிங்கை மட்டும் வீட்டுக்காரர்கள் யாரும் தொடக்கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துப் போட்டுவிடும். அதற்குப் பிறகுதான் பலப்படுத்தும் வேலை. கதவின் ஒவ்வொரு மடிப்புக்கும் குறுக்காக எஃகுப் பட்டை. உத்தரத்திலிருந்து தரை வரை நிறுத்தும் இரும்புத் தூண்கள். கதவின் சக்கரங்கள் ஓடும் பக்கத் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்குருக்களைப் பிடுங்கிவிட்டு, உள்மரம் வரை இறங்கும் நீள போல்ட்டுகள்.

முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட்டில் தொடங்கி அடியில் இருக்கும் பட்டை வரை ஒரே கோடு. பின்னால் போல்ட் ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இல்லாத போல்ட் ஒன்று இருந்தாலும் வேன் கிளம்பாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் தொப்பியைக் கழற்றி வாளியின் மேல் வைப்பார். அதைப் பார்த்தாலே எதைத் தவறவிட்டோம் என்று தேடத் தொடங்குவோம்.

இப்போது அந்தக் கதவுக்கு வருகிறேன்.

செப்டம்பர் மாதம். மெக்சிகோ வளைகுடாவில் உருவான புயல் வேறு பக்கம் போகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வியாழக்கிழமை அது மனதை மாற்றிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. சனிக்கிழமை காலை கரையைத் தொடும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வால்டர் எல்லோரையும் மதியத்துக்குள் வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார். புதிய வேலை எதையும் எடுக்கக்கூடாது என்பது உத்தரவு. அப்போதுதான் என் போன் அடித்தது. ஹூஸ்டனுக்குத் தெற்கே பெர்லேண்டில் இருக்கும் மாலதி. ஈரோட்டுக்காரர்கள், பிள்ளைகளின் நடன வகுப்பில் பழக்கம்.

"வசந்தாக்கா, ஞாயித்துக்கிழமை எங்க நிவிக்குக் கல்யாணம்னு பத்திரிகை குடுத்தேனுங்களே. ஊர்ல இருந்து எல்லாரும் வந்து இறங்கிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருந்த ஹோட்டல் தண்ணி ஏர்ற ஏரியாவாம், காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவங்களும் இப்ப எங்க வீட்டுலதான். முப்பது பேருக்குக் குறையாது. கராஜ் கதவு இந்தக் காத்துக்கே தடதடன்னு ஆடுதுங்க்கா. ஒருக்கா வந்து பாக்கறீங்களா?"

"உங்க ஏரியாவ evacuate பண்ணச் சொல்லலீங்களா?"

"இல்லீங்க. எங்க பக்கம் தண்ணி வராதாம், வீட்டுலயே இருங்கன்னுதான் சொல்றாங்க. ஃப்ரீவே எல்லாம் ஜாம். இத்தன பேரை வச்சுக்கிட்டு எங்க போறது? ஆவணியில இதுதான் கடைசி முகூர்த்தம். விட்டா புரட்டாசி."

வால்டரிடம் போய் நின்றேன். ஒரு கதவு, பெரியது, வீடு நிறைய ஆட்கள் என்றேன். அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். "போய்ப் பார்க்கலாம். பார்ப்பதற்கு மட்டும்தான்" என்றார். ஆனால் எஃகுப் பட்டைகளையும் தூண்களையும் வேனில் ஏற்றச் சொன்னதும் அவர்தான்.

அது மாடி வீடு. கராஜுக்கு நேர் மேலே பெரிய ஹால் ஒன்று. ஊரிலிருந்து வந்தவர்கள் படுக்க அங்கேதான் வரிசையாக மெத்தை போட்டிருந்தார்கள். கதவு போனால் காற்று முதலில் தூக்குவது அந்தத் தரையைத்தான். கீழே கராஜுக்குள் கால் வைக்க இடமில்லை. அரிசி மூட்டை, தேங்காய் மூட்டை, சீர்வரிசைத் தட்டுகள், வாடகைக்கு எடுத்த அண்டாக்கள், சுவரில் சாய்த்து இரண்டு வாழைக்கன்றுகள். கதவை நெருங்கவே முடியாது.

"இதெல்லாம் உடனே எடுக்கோணுங்க" என்றேன். நிவியின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். ஈரோட்டில் சமையல் கான்ட்ராக்ட் எடுத்து ஆயிரம் பேருக்கு இலை போட்டவர் அவர்.

"டேய், வரிசையா நில்லுங்கடா! அண்டா மொதல்ல. சம்பந்தி, நீங்க எதுக்குங்க தூக்கறீங்க... சரி, தூக்குங்க. தேங்காய உருட்டாதீங்க, கையில குடுங்க!"

சம்பந்திகள், சித்திகள், கல்லூரித் தோழிகள், மாப்பிள்ளை கார்த்திக் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றி, ஒரு கல்யாண மண்டபமே கராஜிலிருந்து சாப்பாட்டு அறைக்கு நகர்ந்தது.

வால்டர் வாளியில் உட்கார்ந்தார், பார்த்தார். விளக்கை அணைத்தோம். இடது பக்கம் தரையிலிருந்து தோள் உயரம் வரை பளிச்சென்று ஒரு வெளிச்சக் கோடு. அவர் அங்கே போய், கதவின் தண்டவாளம் பொருத்தியிருந்த மரச்சட்டத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அது கைப்பிடி வரை உள்ளே இறங்கியது. வெளியே புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரிங்ளர் வருடக்கணக்காக அந்த மூலையில் பட்டுப் பட்டு, மரம் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போயிருந்தது. மேலே பூசிய பெயின்ட் மட்டும் புதிது போல மின்னியது.

அவர் தொப்பியைக் கழற்றி வாளியின் மேல் வைத்தார்.

"வசி, இதில் எதையும் மாட்ட முடியாது" என்றார். "எத்தனை இரும்பு சேர்த்தாலும் அதைப் பிடித்துக்கொள்ள மரம் வேண்டும். இப்படியே மாட்டிவிட்டுப் போனால், கதவு நிற்கும் என்று நம்பி இவர்கள் மேலே படுப்பார்கள். அதற்கு மாட்டாமல் போவது மேல்."

நிவியின் அப்பா ரகுநாதன் என் பக்கம் திரும்பினார். பெரிய கம்பெனியில் பெரிய புராஜெக்டுகளைக் கட்டி மேய்ப்பவர். அன்று உளுத்த மரத்தை விரலால் கிள்ளிக்கொண்டே கேட்டார். "வேற வழியே இல்லீங்களாக்கா?"

"உளுத்த மரத்த வெட்டி எடுத்துட்டு, நல்ல மரம் வச்சு, கான்கிரீட்டோட சேத்துக் கட்டினா நிக்குமுங்க. ஆனா அந்த சைஸ் மரத்துக்கு இப்ப எங்க போறது? எல்லாக் கடையும் காலி. பாதிக் கடை மூடிட்டாங்க."

சொல்லும்போதே என் கண் பின்கட்டுக் கதவு வழியே தோட்டத்துக்குப் போய்விட்டது. அங்கே தார்ப்பாயின் கீழே, மண்டபத்துக்கு எடுத்துப்போகத் தயாராக மணமேடை இருந்தது. கோடை முழுக்க ரகுநாதன் தன் கையாலேயே செய்தது. கல்யாணம் முடிந்த பிறகு தோட்டத்தில் உட்காரும் மேடையாகப் போட்டுக்கொள்ளலாம் என்று, ஈரத்துக்குக் கெடாதபடி மருந்து ஏற்றிய தடிமனான மரமாகப் பார்த்துப் பார்த்து வாங்கி, இழைத்து, வார்னிஷ் அடித்திருந்தார். பத்திரிகை கொடுக்க வந்தபோது போனில் போட்டோ காட்டி, அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். எப்படிக் கேட்பது?

கல்யாணப் பெண் நிவி நான் பார்த்த திசையைப் பார்த்துவிட்டாள். கை இரண்டிலும் மருதாணி சிவந்திருந்தது.

"அப்பா, யூஸ் தட்."

"எதம்மா?"

"தி மணமேடை."

ரகுநாதன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "அது உனக்குன்னு செஞ்சதும்மா. அதுல நீ உக்காரோணும்னு..."

"ஐ டோன்ட் நீட் அ ஸ்டேஜ், அப்பா. ஐ நீட் எவ்ரிபடி." பிறகு மருண்டு நின்ற சித்திகளைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "நாங்க தரையில உக்காந்துக்குவோம். ஓகேதானே?"

"தாராளமா!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, முதல் ஆளாக. "தரையில உக்காந்தா தாலி ஏறாதா என்ன?"

ரகுநாதன் டூல் பாக்ஸைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். தான் முறுக்கிய போல்ட்டுகளைத் தானே கழற்றினார். கார்த்திக் மறுபக்கம் பிடித்துக்கொண்டான். முதல் சட்டத்தை இருவரும் தோளில் சுமந்து கொண்டுவந்து வால்டர் முன்னால் வைத்தார்கள். வால்டர் குனிந்து, விரல் முட்டியால் தட்டினார். இன்னொரு இடத்தில் தட்டினார். வார்னிஷைத் தடவிப் பார்த்தார்.

"யார் செய்தது?"

"நான்தான்" என்றார் ரகுநாதன்.

"நல்ல வேலை" என்றார் வால்டர். தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் இன்றைக்கும் ஒவ்வொரு போல்ட்டாகச் சொல்ல முடியும். முதலில் ஸ்பிரிங்குகளின் முறுக்கை வால்டர் நிதானமாக இறக்கினார். இரண்டு கம்பிகளை மாற்றி மாற்றிச் செருகி, கால் சுற்றுக் கால் சுற்றாக விட்டுக்கொடுத்தார். முறுக்கு முழுக்க இறங்கிய பிறகு நான் இடது பக்கத் தண்டவாளத்தைக் கழற்றினேன். உளுத்த சட்டத்தை, நல்ல மரம் தட்டுப்படும் உயரம் வரை ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். கையில் பிடித்ததும் ஈரக் கேக் மாதிரி உதிர்ந்தது. அந்த இடத்தில் மணமேடைச் சட்டங்கள் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தி, மேலே நல்ல மரத்தோடு அரை ஆள் நீளத்துக்குப் பக்கவாட்டில் சேர்த்து போல்ட் அடித்தோம். கீழே கான்கிரீட்டில் துளை போட்டு, எஃகுக் கோணத்தை வைத்துப் பிணைத்தோம். வெளியே மழை விட்டு விட்டு அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு முறை காற்று வீசும்போதும், முறுக்கில்லாமல் நின்ற அந்தக் கதவு எங்கள் முதுகுப் பக்கம் முனகியது.

கார்த்திக்கும் அவன் நண்பர்களும் கதவு ஆடாமல் தோள் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். தண்டவாளத்தைப் புது மரத்தில் ஏற்றி நீள போல்ட்டுகளை முறுக்கினேன். மரம் அதைக் கடித்துப் பிடிப்பது மணிக்கட்டில் தெரிந்தது. பிறகு குறுக்குப் பட்டைகள். பட்டை ஏறியதால் கதவின் எடை கூடியது. அதற்குத் தக்கபடி ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கினார் வால்டர். இடுப்பு உயரம் தூக்கிக் கையை எடுத்தார். கதவு நின்றது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம், மேஜிக் ஷோ போலக் கை தட்டியது. கதவை இறக்கிப் பூட்டி, உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவே தூண்களை நிறுத்தி முளை அடித்தோம்.

கடைசியாக வெள்ளைக் கோடுகள். எல்லா போல்ட்டுக்கும் போட்டு முடித்ததும் வால்டர் விளக்கை அணைக்கச் சொன்னார். அணைத்தோம். இடது பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"இனிமேல் நிற்கும் என்று சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சொல்லலாம்" என்றார்.

வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அந்தக் குடியிருப்பைத் தாண்டியதும் பாலத்தின் கீழ் ரோட்டில் தண்ணீர் கார் உயரம் நின்றது. வேறு வழியில்லை, திரும்பி வந்தோம். மாலதி கதவைத் திறந்தவள், "நல்லதாப் போச்சு. முப்பதோட ரெண்டு. தோச ஊத்தறேன் வாங்க" என்றாள். மேலே போட்ட மெத்தைகளையெல்லாம் முதல் வேலையாகக் கீழே இறக்கச் சொன்னேன். ஜன்னல் இல்லாத நடையில், படிக்கட்டின் அடியில், உடுப்பு அறைகளில் என்று எல்லோரும் அடைந்துகொண்டார்கள். வால்டர், மாப்பிள்ளையின் அப்பா பக்கத்தில் ஜமுக்காளத்தில் படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். "கதவு நிக்குமா?" என்று கேட்டார். "நிக்கும்" என்றேன். வால்டருக்குக் கேட்காமல் மெதுவாகத்தான் சொன்னேன்.

விடிந்த பிறகுதான் புயலின் முழுப் பலம் வந்தது. கரண்ட் போயிற்று. காற்றின் சத்தம் ஊளையாகத் தொடங்கி, ரயில் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுவது போல ஆனது. சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவை ஒரு கையகலம் திறந்து, நானும் வால்டரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். பெரிய கதவு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வளையும், வெளியே இழுபடும். தூண்கள் ஒவ்வொரு வீச்சுக்கும் ரீங்காரமிட்டன. நான் இடது மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு உலோகக் கதறல். ஒரு காலி டின்னைக் கையில் பிழிவது போன்ற சத்தம், ஆனால் ஒரு வீட்டளவு பெரிதாக. அடுத்து ஏதோ கிழிந்து பறந்தது. எதிர் வீட்டுக் கதவு மடங்கிப் போய், அவர்கள் கராஜ் கூரை கிளம்பிவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது. நல்லவேளை, அந்த வீட்டுக்காரர் ஊரில் இல்லை. நடையில் குழந்தைகள் அழத் தொடங்கின. அந்தக் கூரைத் துண்டோ, யார் வீட்டு வேலியோ, ஏதோ ஒன்று வந்து எங்கள் கதவில் மோதியது. நடுவில் தகரம் ஒரு சாண் உள்ளே பிதுங்கியது. மாலதி, "முருகா!" என்று கத்தினாள். குறுக்குப் பட்டை அதை வாங்கித் தூணுக்குக் கொடுத்தது. தூண் தரைக்குக் கொடுத்தது. கதவு உள்ளே வளைந்து, ஒரு கணம் தயங்கி, பழைய நிலைக்கு வந்தது.

வால்டர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை.

மதியம் காற்று ஓய்ந்ததும் முதல் ஆளாக உள்ளே போனேன். முழங்காலிட்டு, டார்ச்சோடு, இடது சட்டத்தின் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தேன். எந்த வெள்ளைக் கோடும் முறியவில்லை. எழுந்து நின்று, "எல்லாம் அப்படியே இருக்கு!" என்று கூவினேன். ரகுநாதன் உள்ளே வந்து, தன் வார்னிஷ் மின்னிய அந்தச் சட்டத்தில் கை வைத்து நின்றார். எனக்கோ ஓவென்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினேன். பின்னால் வீடே சேர்ந்து கத்தியது.

கல்யாணத்துக்குப் பிடித்திருந்த மண்டபத்திலிருந்து தகவல் வந்தது. கூரையில் பாதி இல்லை, கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. யாரும் கவலைப்படவில்லை. ஞாயிறு காலை தூண்களைக் கழற்றி, கதவைக் கையாலேயே மேலே தள்ளினேன். வெயில் கராஜுக்குள் வந்து விழுந்தது. வாழைக்கன்றுகளைக் கதவின் இரு பக்கமும் கட்டினார்கள். தரையைக் கழுவிக் கோலம் போட்டு, பட்டு ஜமுக்காளம் விரித்தார்கள். அடுத்த குடியிருப்பிலிருந்து ஐயர் பஞ்சகச்சமும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸுமாக நடந்தே வந்து சேர்ந்தார். டிரைவ்வேயில் புரொபேன் அடுப்புகளைப் பற்றவைத்துப் பெரியப்பா அண்டாக்களை ஏற்றினார். ஃபிரிட்ஜில் கெடவிருந்த காய் முழுக்க சாம்பாராகவும் கூட்டாகவும் ஆயிற்று. கார் ஸ்பீக்கரில் கெட்டிமேளம் ஒலிக்க, தரையில் உட்கார்ந்த நிவியின் கழுத்தில் கார்த்திக் தாலி கட்டினான். வேலை பூட்ஸைக் கழற்றக்கூட விடாமல் மாலதி என்னை முன்னால் இழுத்து நிறுத்தினாள். நானும் வால்டரும் அட்சதை போட்டோம்.

முந்தின நாள் கரண்ட் போனதிலிருந்து சூடாக எதுவும் சாப்பிடாத தெரு அது. சாம்பார் வாசனைக்கு ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. அவர்களாகவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரியப்பா எல்லோருக்கும் இலை போட்டார். வால்டர் பாயசத்தை மூன்று முறை வாங்கிக் குடித்தார்.

பந்தி நடக்கும்போது எதிர் வீட்டுக்காரரின் கார் வந்து நின்றது. வெளியூரிலிருந்து திரும்பியவர், மடங்கிக் கிடந்த கதவையும் திறந்து கிடந்த கூரையையும் பார்த்தபடி காரிலிருந்து இறங்காமலே இருந்தார். ரகுநாதன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்து, முதலில் சாப்பிடச் சொன்னார். அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள் நான் மணமேடையில் மிஞ்சிய பலகைகளையும் வேனில் இருந்த தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். திரும்பிப் பார்த்தால், கல்யாணக் கூட்டமே பின்னால் வந்துகொண்டிருந்தது. கார்த்திக் மாலையைக் கழற்றிப் பெரியப்பா கழுத்தில் போட்டுவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் ஏறினான். நிவி கூறைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரில்லை வாங்கினாள். சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பலகையைத் தாங்கினார்கள்.

எதிர் வீட்டுக்காரர் திகைத்துப்போய் வால்டரிடம், "இவர்களெல்லாம் உங்கள் கம்பெனி ஆட்களா?" என்று கேட்டார்.

வால்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"இன்றைக்கு, ஆமாம்."

அந்த வீட்டை முடித்து அடுத்ததற்குப் போனோம், அதற்கடுத்ததற்கும். பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவில் திறந்து கிடந்த கராஜ் ஒன்றுகூட இல்லை.